நிறையும் நீரும்

1940ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே இலண்டன் மாநகர்மீது இரவுதோறும் குண்டுகள் வீழ்ந்தன. இடிந்த வீடுகளின் கீழே பல மணி நேரம் கை கால் நசுங்கிக் கிடந்தோர் சிலர் மீட்கப்பட்டு, ஹமர்ஸ்மித் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களைக் கண்டோர், பிழைத்துவிட்டார் என்றே எண்ணியிருப்பர். ஆனால், நசுங்கிய உறுப்பு வீங்கிற்று. சிறுநீர் கருநிறமாகிக் குறைந்தது. ஒரு வார அளவில் உயிர் பிரிந்தது. இவ்வாறு மாண்ட நால்வரின் வரலாற்றைப் பைவாட்டர்ஸ், பீல் என்னும் வைத்தியர் இருவரும் 1941இல் வெளியிட்டனர்.

குருதியின் நீர்ப்பகுதி வீங்கிய உறுப்பினுள்ளே வடிந்துவிடுகின்றது. சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறைய, சிதைந்த தசையின் நிறப்பொருளும் அங்கே சென்று தங்குகின்றது. உடல் வீங்கியிருக்கிறது, குருதியோ நீரின்றி வாடுகிறது. கண்ணை மட்டும் நம்பும் வைத்தியர் ஏமாறும் இடம் இதுவே.

சிறுநீர் அற்றுப்போனபின் நிலைமை தலைகீழாகின்றது. நீரை மேலும் மேலும் ஏற்றினால் சிறுநீர் பெருகும் என்று அக்காலத்திற் பலர் நம்பினர். வெளியேற வழியற்ற அந்நீர் நுரையீரலிற் புகுந்து நோயாளியைக் கொன்றது. 1949இல் அதே ஹமர்ஸ்மித்திலே புல், ஜோக்ஸ், லோ ஆகிய மூவர் வேறொரு முறையை எழுதினர். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர். அதிலே 400 கிராம் குளுக்கோசும் 100 கிராம் நிலக்கடலை எண்ணெயும் கலந்து குழாய்வழியே இரைப்பைக்குச் செலுத்துவது. (நாம் கச்சான் என்னும் அதே கடலைதான்!) மூச்சாலும் தோலாலும் புலப்படாது கழியும் நீருக்கு ஈடு செய்தாற் போதும் என்பதே அவர்தம் கணக்கு.

அக்கணக்கின் மூலவர் இத்தாலியரான சந்தோரியோ எனலாம். பதுவா நகரிலே தராசிற் கட்டிய நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் நிறுத்து, எஞ்சிய வேறுபாட்டை அவர் 1614இல் நூலாக்கினார். இன்றைய வைத்தியசாலைகளிலும் சிறுநீரக நோயாளியை நாள்தோறும் நிறுக்கின்றனர். சிறிதளவே உண்ணும் நோயாளியின் நிறை நாளுக்கு நாட் சற்றே குறைய வேண்டும். குறையாது நின்றால், நீர் தேங்குகின்றது என்பது பொருள்.

முதற்கட்டத்தின் தாகமோ நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை. 1982இல் லெபனானிலே இடிந்த கட்டடமொன்றினின்று மீட்கப்பட்ட எழுவருக்கு, மீட்ட இடத்திலேயே நாளம்வழி உப்புநீர் ஏற்றத் தொடங்கினர். அவர்களில் ஒருவருக்கேனும் சிறுநீரகம் செயலிழக்கவில்லை.