வீட்டு ஸ்விட்ச் யார் கையில்? – ஸ்மார்ட் ஹோமின் சின்ன வரலாறு



‘ஸ்மார்ட் ஹோம்’ என்றதும் ஏதோ பெரிய கம்பெனிகள் நேற்று கண்டுபிடித்த சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இதைத் தொடங்கி வைத்தவர்கள், சொந்த வீட்டையே சோதனைக்கூடமாக்கிய ஆர்வலர்கள்.

1966-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜிம் சதர்லேண்ட் என்ற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர், உபரியாகக் கிடந்த கணினிப் பாகங்களைக் கொண்டு தன் வீட்டிலேயே ‘எக்கோ 4’ என்ற கணினியைக் கட்டினார். எடை சுமார் 360 கிலோ! வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு வெப்பநிலை, கடிகாரம், டிவி எல்லாவற்றையும் அது கவனித்தது. ஆனால் அது விற்பனைக்கு வரவே இல்லை.

சாதாரண மனிதர்கள் இப்படிச் செய்ய முடியுமா? கணினியை விடுங்கள், ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர் இழுப்பதே பெரிய தலைவலி. இதற்கு 1975-ல் ஒரு விடை கிடைத்தது. ஸ்காட்லாந்தின் கிளென்ரோதெஸ் ஊரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின் ஒயரிலேயே கட்டளையை அனுப்பும் முறையை உருவாக்கியது. அதுதான் ‘எக்ஸ்-10’. மாறுதிசை மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் அந்தக் கணத்தில், 120 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்று சின்னதாகத் துடிக்கும். துடித்தால் 1, துடிக்காவிட்டால் 0. அவ்வளவுதான்! 16 வீட்டுக் குறியீடு, 16 சாதன எண். மொத்தம் 256 முகவரிகள்.

1978-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததும் ஆர்வலர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். குறைகளும் உண்டு. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அதே குறியீட்டை வைத்திருந்தால், அவர் பொத்தானை அழுத்த உங்கள் வீட்டு விளக்கு எரியும்! ஆனால் ஒன்று: வாங்கிய மாட்யூல் யாரிடமும் அனுமதி கேட்காமல் வேலை செய்தது.

பிறகு இன்டர்நெட் வந்தது. விளக்கை அணைக்கும் கட்டளை கூட எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பியது. வசதிதான். ஆனால் 2014-ல் ரிவால்வ் என்ற நிறுவனத்தை நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கிய கருவி, பழுதே ஆகாமல் வெறும் டப்பாவாகிவிட்டது.

ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பாலஸ் ஸ்கவுட்சன் 2013-லேயே, சூரியன் மறைந்ததும் விளக்கு எரிய பைத்தானில் ஒரு நிரல் எழுதத் தொடங்கியிருந்தார். அதுவே ‘ஹோம் அசிஸ்டென்ட்’ ஆக வளர்ந்தது. இது வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் ஓடும். எல்லோரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். 2024-ல், யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாதபடி, இது ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது.

360 கிலோவில் தொடங்கிய பயணம் இன்று உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. கேள்வி மட்டும் மாறவில்லை: ஸ்விட்ச் யார் கையில்? அடுத்த முறை ‘ஸ்மார்ட்’ பல்பு வாங்கினால், இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். எரிந்தால் அது உங்கள் விளக்கு!