துவக்கின் மேல் ஒரு தொலைநோக்கி



சென்ற மாத உரையில் வருமானவரி பற்றிப் பேச வேண்டிய நான், இடையில் பத்து நிமிடம் துவக்குக் கண்ணாடி பற்றிக் கதைத்துவிட்டேன். அதன் பிறகு நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் பாதி ஆவல், பாதி கோபம். "கணக்குப் பார்க்கிற மனிசருக்கு ஏன் இந்த வேலை?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அவசரத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

என் மூத்த மகன் மின்னிணைப்பு வேலை செய்பவன். வேலையிடத்து நண்பர்களோடு சேர்ந்து துவக்கு அனுமதிப்பத்திரத்துக்கும் வேட்டைக்குமான பாடங்களைப் படித்துத் தேறினான். இந்த வருடம் ஒன்ராறியோ மாகாணத்தின் லொத்தரில் அவர்களுக்கு எல்க் அனுமதி விழுந்துவிட்டது. "அப்பா, ஒரு ஸ்கோப் வாங்க வேண்டும், எது நல்லதென்று பார்த்துச் சொல்லுங்கோ" என்றான். விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் என்னைக் கேட்டான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டா.

அது ஏனென்று எங்கள் நேயர்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. இவவின் தம்பி 1990களில் பனங்காணிக்குள்ளால் சைக்கிளில் போனவன். ஒரே ஒரு வெடி. எங்கிருந்து வந்ததென்று பக்கத்தில் போனவனுக்கும் தெரியவில்லை. காவலரணில் குழாய் பூட்டிய துவக்கு வைத்திருந்ததாகப் பிறகு சனம் கதைத்தது. அந்தக் குழாயைத்தான் மகன் கடையில் விலை கேட்கிறான். அதனால் நான் விலையைத் தேடப் போய்ச் சரித்திரத்துக்குள் இறங்கிவிட்டேன்.

முதலில் எல்க் எது என்று தெளிவாக்க வேண்டும். நோர்வேயில் இருக்கும் என் மச்சானைக் கேட்டால் 'எல்க்' என்று அவர் காட்டுவது இங்கே நாங்கள் மூஸ் என்று சொல்லும் மிருகத்தை. வட அமெரிக்காவில் எல்க் என்பது வேறு, பழங்குடி மக்கள் வாப்பிட்டி என்று சொல்லும் பெருமான். ஆண் மான் முந்நூறு, நானூறு கிலோ நிற்கும். எங்கள் ஊருக்கும் இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஒரு பங்கு உண்டு. 1850களில் நுவரெலியாவில் இருந்த ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் தன் புத்தகத்தில் 'எல்க்' என்று எழுதியது எங்கள் மரையைத்தான். அதை அவர் நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் கொன்றார். வன்னியில் எங்கள் ஆட்களிடம் இருந்தது இடியன் துவக்கு. இரண்டிலும் கண்ணாடி கிடையாது.

கண்ணாடியின் கதை ஒரு சிலந்தியில் தொடங்குகிறது. 1640ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் வில்லியம் கஸ்கொயின் என்ற இளைஞர் வானத்தைப் பார்க்கத் தொலைநோக்கி வைத்திருந்தார். குழாய்க்குள் ஒரு சிலந்தி இழை கட்டியதாகவும், பார்த்தபோது நட்சத்திரமும் இழையும் ஒரே தெளிவில் தெரிந்ததாகவும் சொல்வார்கள். காரணம் எளிது. இரண்டு குவிவு வில்லைகளைக் கொண்ட தொலைநோக்கியில், குழாய்க்கு உள்ளேயே ஓரிடத்தில் விம்பம் விழுகிறது. அந்த இடத்தில் எதை வைத்தாலும் அது விம்பத்தின் மேல் ஒட்டியதுபோலத் தெரியும். இன்று எல்லா ஸ்கோப்பிலும் உள்ள குறுக்கிழை அதுதான். கஸ்கொயின் அதைக் கோள்களை அளக்கப் பயன்படுத்தினார். 1644இல் உள்நாட்டுப் போரில் மார்ஸ்ரன் மூர் என்ற இடத்தில், முப்பதைச் சற்றுக் கடந்த வயதில் இறந்துபோனார்.

துவக்கின் மேல் அந்தக் குழாய் ஒழுங்காக ஏறுவதற்கு இன்னும் இருநூறு வருடம் சென்றது. 1855இல் நியூயோர்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரில் வில்லியம் மல்கம் என்பவர் அவற்றைச் செய்து விற்கத் தொடங்கினார். துவக்குக் குழல் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு நீளம். ஆறு வருடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. அந்தக் குழாய்கள் போருக்குப் போயின.

மனைவிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப மிருகங்களை அழிச்சதும் அதுதானே?" என்று கேட்டா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. ஐரோப்பியர் வந்து குடியேற முன்னர் இந்தக் கண்டத்தில் எல்க் ஒரு கோடி அளவில் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1900ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. அந்த அழிவு நடந்தபோது வேட்டைக்காரரிடம் பெரும்பாலும் இருந்தது வெறும் முன்குறி, பின்குறி மட்டும். இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை இருந்தது, கட்டுப்பாடு இருக்கவில்லை, காடு வயலாகிக்கொண்டிருந்தது. எல்க்கின் மேல்வாயில் தந்தம்போல இரண்டு பல் உண்டு. மணிக்கூட்டுச் சங்கிலியில் அதைக் கட்டித் தொங்கவிடுவது அந்தக் காலத்துக் கனவான்களின் மோகம். பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடலை அப்படியே விட்டுப்போனவர்களும் இருந்தார்கள்.

ஒன்ராறியோவின் சொந்த எல்க் 19ஆம் நூற்றாண்டோடு இல்லாமல் போய்விட்டது. இன்று பான்கிறொவ்ற் பக்கம் திரிபவை அல்பேர்ட்டாவில் இருந்து வந்தவை. அங்கே எட்மன்ரனுக்குக் கிழக்கே, 1906இல் எஞ்சிய எல்க்கைக் காப்பாற்றுவதற்காகவே வேலி அடைத்த காடு ஒன்று உண்டு, எல்க் ஐலன்ட் என்று பெயர். அங்கிருந்து 1998க்கும் 2001க்கும் இடையில் 443 எல்க்குகளை லொறிகளில் ஏற்றி, கொண்டுவந்து ஒன்ராறியோவின் நான்கு இடங்களில் இறக்கினார்கள். இவையும் எங்களைப்போல அகதியாக வந்து இறங்கியவைதான் என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பெருகிய பிறகு 2011இல்தான் முதன்முதலாக வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் எண்ணிக் கொடுக்கும் சில அனுமதிகள். ஐந்தொகை பார்க்கிற எனக்கு இது விளங்கியது. இருப்புக் கூடிய பிறகுதான் எடுப்பு.

கண்ணாடிக்குத் திரும்புவோம். 1900இல் வியன்னாவில் காள்ஸ் என்ற நிறுவனம் டெலொரார் என்ற பெயரில் வேட்டைக் கண்ணாடி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அந்த நாட்டு வேட்டைக்காரர் விடியலிலும் அந்தியிலும் மரப்பரண்களில் இருப்பவர்கள். அவர்களுக்குத் தூரம் பிரச்சினையில்லை, இருட்டுத்தான் பிரச்சினை. 1914இல் முதலாம் உலகப்போர் வந்ததும் ஜேர்மன் இராணுவம் வேட்டைக்காரர் வீடுகளில் இருந்த கண்ணாடித் துவக்குகளைச் சேர்த்து எடுத்துப் போர்முனைக்கு அனுப்பியது. எதிர்ப்பக்கத்தில் பிரித்தானியரிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஹெஸ்கெத் பிரிச்சார்ட் என்ற பேர்பெற்ற வேட்டைக்காரர் 1916இல் அவர்களுக்குக் குறிசூட்டுப் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார். காட்டில் மானுக்குப் படித்த பொறுமை பதுங்குகுழியில் மனிதனுக்குத் திருப்பப்பட்டது. இந்த இடத்தைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மனைவியின் தம்பியைப் பார்த்த கண்ணாடிக்கும் இந்தக் கண்ணாடிக்கும் ஒரே பரம்பரை என்பதை மறைக்க முடியாது. நான் மறைக்கவும் இல்லை.

ஆனால் வேட்டைப் பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

1930இல், பொருளாதாரம் விழுந்து சனம் வேலையில்லாமல் இருந்த வருடத்தில், பில் வீவர் என்ற அமெரிக்க இளைஞர் மெல்லிய குழாயில் ஒரு ஸ்கோப் செய்து, பூட்டும் தாங்கியோடு சேர்த்து 19 டொலருக்கு விற்றார். அதன் உருப்பெருக்கம் மூன்று மடங்குக்குக் கிட்ட, அவ்வளவுதான். அதுவரை வசதியானவரின் பொருளாக இருந்தது தொழிலாளியின் கைக்கு வந்தது. (இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவம் அதையும் வாங்கிக்கொண்டது.)

1935இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் வேலை செய்த உக்ரேனிய விஞ்ஞானி அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வில்லையின் மேல் மிக மெல்லிய பூச்சுப் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். இதை என் தொழில்மொழியில் சொல்கிறேன். பூச்சில்லாத கண்ணாடியில் ஒளி புகும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீதம் தெறித்து வீணாகும். குழாய்க்குள் பத்துப் பரப்பு இருந்தால், குறைந்துசெல் மீதி முறையில் பெறுமானத்தேய்வு போட்டுப் பாருங்கள். நூறில் அறுபத்தாறு மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு ஒளி காணாமல் போய்விட்டது. நல்ல பூச்சில் அந்த இழப்பின் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். சூரியன் விழுந்த பிறகு மரத்தடியில் நிற்பது மானா மனிதனா என்று தெரிவது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அடுத்தது மழை. ஒறிகன் மாநிலத்தின் போட்லன்ட் நகரில் நில அளவைக் கருவிகள் திருத்தும் லியூபோல்ட் என்ற நிறுவனம் இருந்தது. 1907இல் ஜேர்மனியில் இருந்து குடியேறிய ஒருவர் தொடங்கியது. அவருடைய குடும்பத்தில் அடுத்த தலைமுறையான மார்க்கஸ் லியூபோல்ட் ஈரக்காட்டில் மான் வேட்டைக்குப் போனபோது, கண்ணாடிக்குள் புகார் படிந்து மானைத் தவறவிட்டார். குழாய்க்குள் அடைபட்ட ஈரக்காற்று குளிரில் நீராக வில்லையில் படிவதுதான் அந்தக் கோளாறு. அந்தக் காற்றை எடுத்துவிட்டு உலர்ந்த நைதரசனை அடைத்து மூடினார்கள். 1947இல் அந்தக் கண்ணாடி விற்பனைக்கு வந்தது. 1962இல் அதே நிறுவனம் வெளிப்பக்கம் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் உள்ள குறுக்கிழையைக் கொண்டுவந்தது. அந்தியில் கண் தானாக நடுவுக்குப் போகும்.

கவனித்துப் பாருங்கள். விலை, ஒளி, மழை, இழை. வேட்டைக்காரருக்காக நடந்த பெரிய திருத்தங்களில் ஒன்றுகூடத் தூரத்தைப் பற்றியதில்லை.

மகன் ஆசைப்பட்டது 24 மடங்கு பெருக்கும், 50 மில்லிமீற்றர் வில்லை உள்ள ஒன்று. வில்லையின் அகலத்தைப் பெருக்கத்தால் பிரித்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் வரும். ஐம்பதை இருபத்துநாலால் பிரித்தால் இரண்டு மில்லிமீற்றர். இருட்டில் இளவயதுக் கண்மணி ஏழு மில்லிமீற்றர் வரை விரியும், என்னுடையது ஐந்து விரிந்தால் புண்ணியம். ஏழு மில்லிமீற்றர் வாசலுக்கு இரண்டு மில்லிமீற்றர் வெளிச்சம். 42 மில்லிமீற்றர் வில்லையை ஆறு மடங்கில் வைத்தால் சரியாக ஏழு. ஒன்ராறியோவில் சூரியன் உதிக்க அரைமணி முன்னரிருந்து மறைந்து அரைமணி பின்வரை வேட்டைக்கு நேரம். எல்க் வெளியே வருவதும் அந்த அரைமணிகளில்தான்.

தூரத்தையும் கணக்குப் பார்த்தோம். செப்ரெம்பரில் ஆண் எல்க் இணைதேடிக் கூவும் காலம். அந்தக் காட்டில் ஐம்பது மீற்றருக்குள்ளும் வந்து நிற்கும். அவ்வளவு கிட்டத்தில் பெரிய உருப்பெருக்கம் இருந்தால் மயிர் மட்டும்தான் தெரியும், எந்த இடத்து மயிரென்று தெரியாது. இருநூறு மீற்றரில் நின்றாலும், நான்கு மடங்குக் கண்ணாடி அதை ஐம்பதுக்குக் கொண்டுவந்துவிடும். நெஞ்சுக்கூட்டின் இலக்கோ ஏறக்குறைய ஒரு சுளகின் அகலம். எல்க்குக்குப் பாவிக்கும் துவக்கு பின்னால் பலமாக இடிக்கும். ஆகவே கண்ணுக்கும் குழாய்க்கும் இடையில் மூன்றரை அங்குலமாவது இடைவெளி தரும் கண்ணாடி வேண்டும், இல்லாவிட்டால் புருவம் கிழியும். கண்ணாடியைத் துவக்கோடு பிடித்துவைக்கும் தாங்கியில் காசை மிச்சம் பிடிக்கக்கூடாது. அது அசைந்தால் மேலே உள்ள ஆயிரம் டொலரும் வீண்.

இரண்டுக்கும் ஏழுக்கும் இடையில் மாற்றக்கூடிய ஒன்றை அவன் தேர்ந்தெடுத்தான். விலை அவன் முதலில் பார்த்ததில் மூன்றில் ஒன்று. மிச்சக் காசில் ஒரு நல்ல இருகண் தொலைநோக்கி வாங்கினான். ஏன் இரண்டு என்று அவனுடைய அம்மா கேட்டா. இத்தனை நாளில் அவ இதுபற்றி அவனிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஸ்கோப்பால் தேடிப் பார்க்கக்கூடாது அம்மா" என்றான். வேட்டைப் பாடத்தில் அழுத்திச் சொல்லிக்கொடுப்பது அதுவாம். ஸ்கோப்பால் எதைப் பார்த்தாலும் துவக்கின் வாயும் அந்தப் பக்கம்தான் நிற்கும். பற்றைக்குள் அசைவது மற்றொரு வேட்டைக்காரனாக இருக்கலாம், காளான் பிடுங்க வந்தவராக இருக்கலாம். முதலில் இருகண் தொலைநோக்கியால் பார்த்து, எல்க்தான் என்று உறுதியான பிறகுதான் துவக்கைத் தூக்க வேண்டும்.

"அப்ப ஆக்களை அதாலே பார்க்கவே கூடாதோ?"

"கூடாது."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்."

அவ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, துவக்கைத் தன் கண்ணில் படாமல் நிலவறையில் பூட்டி வைக்கச் சொன்னா. சட்டப்படியும் அதைப் பாதுகாப்பாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

அவர்கள் செப்ரெம்பரில் போகிறார்கள். கிடைக்கும் என்று ஒரு நிச்சயமும் இல்லை, வெறுங்கையோடு வருபவர்கள் பலர். கிடைத்தால் தன் பங்கு இறைச்சியில் மரை வற்றல்போலப் போட முடியுமா, எத்தனை நாள் வெயில் வேண்டும் என்று மகன் அம்மாவைக் கேட்டிருக்கிறான். வன்னிப் பெண், அவவுக்குத் தெரியாத வேலையில்லை. இன்னும் பதில் சொல்லவில்லை.