வேப்பிலையும் வாய்க்காலும்

புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால் கருவடிக்குப்பத்துக்கு மூன்று பெருமைகள் சொல்வார்கள். சித்தானந்த சுவாமிகள் கோயில் ஒன்று. பாரதியாருக்குக் குயில் பாட்டைத் தந்த மாந்தோப்பு இரண்டாவது. 1922-ஆம் ஆண்டு புதுச்சேரியில் காலமான நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி மூன்றாவது. மூன்றும் பெரிய விஷயங்கள். நான் எழுத உட்கார்ந்திருப்பதோ மிகவும் சின்ன விஷயம்; எறும்பு, கொசு, மூட்டைப்பூச்சி, அரிசி வண்டு. ஆனால், தோப்பில் உட்கார்ந்து குயிலைக் கேட்கிறவனையும் கொசு கடிக்கத்தான் செய்கிறது. கவி என்றும் பாமரன் என்றும் அது பார்ப்பதில்லை.

இந்தக் காலத்தில் யாரைக் கேட்டாலும், "இயற்கை முறையில் பூச்சியை விரட்டலாம்" என்கிறார்கள். வேப்பிலை, வசம்பு, மஞ்சள், சாம்பிராணி என்று பட்டியல் நீள்கிறது. எனக்கும் அந்தப் பட்டியலில் பிரியம் உண்டு. ஆயினும் விரட்டுவது வேறு, வரவிடாமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள் பட்ட கஷ்டமும், நினைவில் வைத்தவர்கள் அடைந்த பயனும் ஒரு சரித்திரமாகவே இருக்கின்றன. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் புதுச்சேரியில்தான் நடந்தது.

கருவடிக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான வீடு ஒன்றில் ஓர் ஆயா இருந்தார். அரிசிப் பானையில் வேப்பிலைக் கொத்தும் வசம்புத் துண்டும் போட்டு வைத்திருப்பார். "இதைப் போட்டால் வண்டு வராதா, ஆயா?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டீங்க தம்பி! வெயில்ல காயாத அரிசிக்கு வசம்பாலேயே மாலை கட்டிப் போட்டாலும் வண்டு வரும்" என்றார்.

கிழவி சொன்னது அத்தனையும் சாஸ்திரம். அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டை வைக்கிறது. வெளியே தொங்கும் வேப்பிலையின் கசப்பு உள்ளே இருக்கும் முட்டையை என்ன செய்யும்? நல்ல வெயிலில் காய்ந்த தானியத்தில் ஈரம் குறைகிறது. ஈரம் குறைந்தால் வண்டின் வம்சமும் குறைகிறது. வேப்பிலை காவல்காரன் மாதிரி. கதவைச் சாத்தியிருந்தால்தான் காவல்காரனால் பிரயோஜனம்.

துவரைக்குச் செம்மண் கட்டி வைத்தார்களே நம் பெரியவர்கள், அதுவும் இப்படித்தான். பூச்சியின் மேல்தோலில் மெழுகு போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதன் உடம்பில் உள்ள நீர் வற்றிப்போகாமல் காப்பது அதுதான். மண்துகள் அந்தப் பூச்சை உராய்ந்து கெடுக்கிறது. பூச்சி தாகத்தால் சாகிறது. சாம்பலைக் கலந்து வைப்பதும் அதே உபாயம். இதில் விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை.

வேம்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1959-ஆம் ஆண்டில் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிப் படை ஒன்று வந்து பச்சை என்று இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தது. வேப்பமரங்களை மட்டும் தின்னாமல் விட்டுவிட்டது. ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதைக் கண்டு அதிசயித்து, வேம்பை ஆராயத் தொடங்கினார். 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளை இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். அது பூச்சியை அடித்து வீழ்த்துவதில்லை; தின்னவிடாமல் செய்கிறது, தோலுரித்து வளரவிடாமல் தடுக்கிறது. வெயில் பட்டால் சீக்கிரமே சக்தி இழந்தும் விடுகிறது. வாசலில் கட்டிய வேப்பிலை காய்ந்து சருகான பிறகும் காவல் காக்கிறது என்று நாம் நம்பினால், அது வேம்பின் குற்றம் அல்ல.

இந்த நிதானமான வைத்தியமெல்லாம் ஒரு காலத்தில் ஜனங்களுக்குச் சலித்துப் போயிற்று. 1939-இல் பால் முல்லர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் சக்தியைக் கண்டுபிடித்தார். 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1953-இல் இந்திய சர்க்கார் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தது. பலனும் சாமானியமாக இல்லை. சுதந்திரம் வந்த சமயத்தில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேரைப் பிடித்த மலேரியா, 1965-இல் சுமார் ஒரு லட்சம் பேர் என்று இறங்கியது. எட்டு லட்சம் உயிர்களை வருஷந்தோறும் வாங்கிக்கொண்டிருந்த நோய் அது. அந்த மருந்தை வெறும் விஷம் என்று ஏசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் நினைக்க வேண்டும்.

ஆனால் பூச்சிகள் நம்மைவிடப் பொறுமைசாலிகள். 1947-லேயே ஹவாய்த் தீவின் பேர்ல் ஹார்பரில், டி.டி.டி.க்கு மசியாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். பின்னால் கொசுக்களும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. திட்டம் தளர்ந்தது, நோய் திரும்பியது. 1976-இல் இந்தியாவில் மலேரியா கண்டவர்கள் 64 லட்சம் பேர்.

புதுச்சேரியின் கவலை மலேரியாவோடு நிற்கவில்லை. அங்கே பெரிய சங்கடம் யானைக்கால். நேர்நேராகத் தெருக்கள்; நடுவே பெரிய வாய்க்கால்; வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்களின் வெள்ளை நகரம், மேற்கே தமிழர் நகரம். மனிதர்கள் வகுத்த இந்தக் கோட்டைக் கொசு மதிக்கவில்லை. சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் பிறந்து, இரவில் வந்து கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுதான் யானைக்கால் புழுவைச் சுமக்கிறது. 1877-இல் சீனாவின் அமாய் நகரில் பாட்ரிக் மான்சன் என்ற டாக்டர், அந்தப் புழு கொசுவின் உடம்பில் வளர்வதைக் கண்டுபிடித்தார். ஒருதடவை கடித்தால் வந்துவிடுகிற நோய் அல்ல அது. பலகாலம் பலமுறை கடிபட வேண்டும். அதனால்தான் சாக்கடை ஓரத்தில் வாழும் ஏழைகளின் கால்களைத் தேடிப் பிடித்தது. காலோ கையோ வீங்கிப்போனவனுக்கு உடம்பு நோவது பாதி. வேலை போவதும் கல்யாணம் தட்டிப்போவதும் மீதி.

1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கொசு முதலிய நோய்ப்பூச்சிகளை ஆராய ஒரு நிலையத்தைப் புதுச்சேரியில் நிறுவியது. அதன் தலைவராக இருந்தவர் பி. கே. ராஜகோபாலன். 1981 முதல் 1985 வரை ஐந்து வருஷம் அவர்கள் யானைக்காலை எதிர்த்து நடத்திய காரியம் உலகத்தின் கவனத்தை இழுத்தது. நகரத்தின் ஒரு பகுதியில் வழக்கம்போல மருந்து தெளிப்பு. மற்றொரு பகுதியில் இவர்களுடைய முறை. அந்த முறையில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. தேங்கிய குட்டையைத் தூர்த்தார்கள். அடைத்த சாக்கடையை ஓடவிட்டார்கள். கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீனை விட்டார்கள். ஆயா அரிசியைக் காயவைத்த மாதிரி, இவர்கள் ஓர் ஊரையே காயவைத்தார்கள்! கொசு குறைந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் யானைக்கால் கிருமி காண்பதும் குறைந்தது.

கடற்கரைக் குப்பங்களில் வேறு ஒரு தந்திரம். உப்பங்கழியில் படர்ந்த பாசியின் மறைவில் மலேரியாக் கொசு முட்டையிட்டுப் பெருகியது. பாசியை எடுங்கள் என்று சொன்னால் வேலையற்றவன்கூட எடுக்க மாட்டான். அந்தப் பாசியிலிருந்து காகிதம் செய்யலாம் என்று நிலையத்தார் காட்டினார்கள். பாசிக்கு ஒரு மதிப்பு வந்ததும் அதை அள்ளக் கைகளும் வந்தன. உபதேசம் செய்யாததைக் காசு செய்தது.

இயற்கை முறை என்பதாலேயே எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் நம்மூர் மீன் அல்ல, அமெரிக்காவைச் சேர்ந்தது. 1928-இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. மூடிய கிணற்றில் அது நல்ல வேலைக்காரன். ஏரியிலும் ஆற்றிலும் விட்டால் நம்முடைய சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது. வேப்பிலைப் புகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கொசு பக்கத்து வீட்டுக்குப் போகிறது. புகை மட்டும் நம் குழந்தையின் நெஞ்சில் தங்குகிறது. இதற்குப் பூச்சி ஒழிப்பு என்று பெயர் வைப்பது பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யும் துரோகம்.

இன்னும் ஒன்று. எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் வீடுகளின் பழைய வழக்கம். எவ்வளவு அழகான யோசனை! விஷம் இல்லை, செலவு இல்லை, ஓர் எறும்பின் உயிர்கூடப் போவதில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சுத்தமான, நிழலான, அசையாத சிறிதளவு தண்ணீர்தான் வேண்டும். எறும்புக்காக நாம் கட்டிய அகழி, கொசுவுக்குப் பிரசவ அறையாகிவிடுகிறது. முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும், கிண்ணத்தின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் உயிர்பெறும். குளிர்ப்பெட்டியின் பின்னால் நீர் வடியும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாம் இதே ரகம்.

ஆகவே கிண்ணத்தை எறிய வேண்டாம். வாரம் ஒருநாள் கொட்டி, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் ஒரு கை உப்பைப் போடுங்கள். அல்லது தண்ணீருக்குப் பதில் எண்ணெய் விடுங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வழக்கம் நமக்கு இருக்கவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தக் கிண்ணத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

முன்னோர்களின் வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்வது எளிது. அப்படியே தூக்கி எறிவது அதைவிட எளிது. அது எதற்காக வந்தது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். வேப்பிலையை வாசலில் கட்டுங்கள், பார்க்க மங்களகரமாக இருக்கும். கட்டி முடித்ததும் கொல்லைப்புறம் போய், வாய்க்கால் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.