காட்சிப்பொருளாய் இருந்தோம், இனிக் காட்சி அமைப்போம்

கண்காட்சி என்றதும் நம் இளைஞர் உள்ளத்தில் தோன்றுவது, நெய்வேலியில் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புத்தகக் கண்காட்சியாகவே இருக்கும். ஆயின், நம் மக்கள் வரலாற்றில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அதனை இவ்வெள்ளி விழா வேளையில் எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும்.

சென்னையில் அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1885இல் அதன் பொறுப்பை ஏற்ற எட்கார் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து, சாதிவாரியாகக் குறித்து வைத்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் தொகுத்த நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதனால் விளைந்த பயன்கள் சில உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும், தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் திருத்தும் உரிமை அளக்கப்பட்டவர்க்கு இருந்ததில்லை.

அதே காலத்தில் நம் முன்னோர் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் பொறித்தது எளிய செயலன்று. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கண்டார். நம் மாவட்டத்தைச் சேர்ந்த சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் நிறுவினார். பிறர் நம்மைப் பற்றி எழுதிய காலம் மாறி, நாமே நம்மை எழுதும் காலம் அவ்வாறு பிறந்தது.

கலைத்துறையிலும் இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையம், 2018 டிசம்பரில் சென்னையில் 'வானம்' கலைத் திருவிழாவை நடத்தியது. பறையும் ஒப்பாரியும் கானாவும் நாடகமும் ஓவியமும் ஆங்கே ஒருங்கே இடம்பெற்றன. ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், தூய்மைப் பணியாளரின் வாழ்வையும் சாவையும் படமாக்கினார். அத்துடன் அமையாது, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலேயே படக்கருவியைக் கொடுத்துப் பயிற்றுவித்தார். அப்பிள்ளைகள் எடுத்த படங்களும் கண்காட்சியாயின. காட்டப்பட்டவர் காட்டுபவராயினர் என்பதே இதன் சிறப்பு.

நம் ஊருக்கு வருவோம். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நாட்டுக்கு ஒளி கிடைத்தது. அதற்காகப் பல சிற்றூர்கள் இடம் பெயர்ந்தன. நிலம் உடையோர்க்குப் பத்திரம் சான்றாயிற்று. நிலமின்றி உழைத்தோர்க்கோ நினைவு ஒன்றே சான்று. அந்நினைவைச் சுமக்கும் முதியோர் ஒவ்வோராண்டும் குறைந்து வருகின்றனர்.

முன்பொரு முறை, நம் பள்ளிக் கண்காட்சியில் மாணவர் ஏற்றத்தின் மாதிரி ஒன்றைச் செய்து, 'நீர் இறைக்கும் கருவி' என அட்டை எழுதி வைத்தனர். காண வந்த முதியவர் ஒருவர் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யார் இறைத்தார்கள் என்று எழுதவில்லையே, ஐயா?" என்றார். நாம் தலைகுனிந்தோம். பின்னர் அவரையே அதனருகில் அமர்த்தினோம். அவர் இறைப்புப் பாட்டைப் பாடிக் காட்ட, பிள்ளைகள் அவ்விடம் விட்டு நகரவில்லை. கண்காட்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நாம் கற்றது அன்றுதான்.

ஆகவே இளைஞர்களே, ஆண்டுதோறும் நம் சங்கக் கட்டடத்தில் ஒரு கண்காட்சி அமைப்பீர்களாக. மறைந்த ஊர்களின் வரைபடத்தைத் தரையில் பெரிதாக வரையுங்கள். தம் தெருவும் குளமும் இருந்த இடத்தை முதியோரே குறிக்கட்டும். சுரங்கத் தொழிலாளியின் தலைக்கவசத்தையும் நாற்று நட்ட பாட்டியின் அரிவாளையும் அருகருகே வையுங்கள். பறையைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாதீர்கள். வருவோர் கையில் கொடுத்து, அடவு கற்பியுங்கள். உடையவரின் இசைவின்றி எப்பொருளையும் எவர் படத்தையும் வைக்காதீர்கள். ஒவ்வோர் அட்டையின் கீழும் சிறிது இடம் விடுங்கள். பிழை கண்டவர் திருத்தி எழுதட்டும்.

நம் முன்னோர்க்கு இல்லாதிருந்தது அத்திருத்தும் உரிமையே. அதனை நம் மக்களுக்கு நாம் வழங்குவோமாக!