ஓம்மானியின் சுழித் திருத்தம்

ஓம்மானியின் சுழித் திருத்தம் என்பது, மின்தடையை அளக்கும், முள் வைத்த ஓம்மானியில் மின்கலம் தளர்வதால் வரும் பிழையை மாறுமின்தடை ஒன்றைத் திருகி ஈடுசெய்யும் முறை. சோதனைக் கம்பிகளின் முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்து, முள் வலக்கோடியில் 0 ஓமில் நிற்கும்வரை குமிழைத் திருகுவர். அளவு வரம்பை மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். குமிழ் கடைசிவரை திரும்பியும் முள் சுழியை எட்டாவிட்டால் மின்கலத்தை மாற்ற வேண்டியதுதான்.

வரலாறு

வில்லியம் அயர்ட்டனும் ஜான் பெரியும் 1880களில் அமைத்த ஓம்மானியில் இரு சுருள்களின் விகிதமே முள்ளை நகர்த்தியது. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் அளவு மாறாததால் அதில் இக்குமிழுக்கு வேலையில்லை. ஒற்றை இயங்கு சுருளும் சிறு மின்கலமும் கொண்ட கையடக்கக் கருவிகளுக்கே அது தேவைப்பட்டது. அவ்வகையில், மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்த டொனால்ட் மக்கடியின் ஏவோமீட்டர் 1923இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

கனடாவின் டொராண்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ் 1925இல் அறிமுகப்படுத்திய வானொலி, மின்கலமின்றி வீட்டு மின்சாரத்திலேயே இயங்கியது. அத்தகைய வானொலியைப் பழுதுபார்க்கும் ஓம்மானிக்கோ மின்கலம் இன்றியமையாதது. மின் இணைப்பைத் துண்டித்த சுற்றில்தான் மின்தடையை அளக்க முடியும். கனடாவில் புழங்கிய, முள் வைத்த சிம்சன் 260 மல்டிமீட்டர், டொராண்டோவுக்குத் தென்மேற்கே ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் பாக்-சிம்சன் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது.

வகைகள்

தொடர்முறையில் மாறுமின்தடை, மின்கலத்தோடும் சுருளோடும் தொடராக இருக்கும். முழுவிலக்கத்துக்கு 1 மில்லிஆம்பியர் வேண்டிய சுருளை 1.5 வோல்ட் மின்கலத்தோடு இணைத்தால் சுற்றின் மொத்த மின்தடை 1500 ஓம். அளவுகோலின் நடுவிலும் அதே 1500. மின்கலம் 1.3 வோல்ட்டுக்கு இறங்கினால், சுழிக்குக் கொண்டுவர மொத்த மின்தடையை 1300 ஆகக் குறைக்க நேரும். சுழி சரியாகிவிடும், ஆனால் உண்மையான 1500 ஓம் மின்தடை ஏறத்தாழ 1730 எனக் காட்டும்.

பக்க இணைப்பு முறையில் மாறுமின்தடை சுருளுக்கு இணையாக அமையும். நிலையான பெரிய மின்தடையே சுற்றை ஆள்வதால், குமிழைத் திருகினாலும் அளவுகோலின் நடுப்புள்ளி பெரிதும் நகராது. ஆதலால் இதுவே சிறந்த முறை.

மிகக் குறைந்த மின்தடைகளை அளக்கும் இணை ஓம்மானியில் 0 இடக்கோடியில் இருக்கும். அங்கே குமிழைத் திருகுவது, கம்பிகளைப் பிரித்து வைத்து முள்ளை முடிவிலியில் நிறுத்துவதற்கே.

இன்றைய நிலை

எண்முறை மல்டிமீட்டர்களில் இக்குமிழ் இல்லை. சிலவற்றில் சோதனைக் கம்பிகளின் மின்தடையைக் கழிக்கப் பொத்தான் உண்டு.