தேய்ந்த சக்கரம் சொல்லும் சரித்திரம்



யுத்த டாங்கிகளின் சிறிய மொடல்களைச் செய்து வர்ணம் தீட்டுவது எனது பொழுதுபோக்கு. பெரும்பாலும் 35இல் ஒரு பங்கு அளவில் செய்வேன். மொடலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 35 மில்லிமீட்டர். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்ரிக் சக்கரங்கள் எல்லாம் புத்தம் புதிதாக இருக்கும். யுத்தகளத்தில் ஓடிய சக்கரம் அப்படி இருக்காது. அவை எப்படித் தேய்ந்திருக்கும் என்று தேடப் போனால், அது வர்ணப் போத்தலோடு முடிகிற விஷயம் அல்ல. நமது மக்களின் கதையும் அதற்குள் வருகிறது.

இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கியான ரி-34ஐ எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். ஒவ்வொன்றும் இரண்டு தட்டுகள் சேர்ந்த இரட்டைச் சக்கரம். சங்கிலிப் பட்டையில் உட்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் அந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவே ஓடும். ஆகவே தட்டுகளின் உட்பக்கத்தில் வர்ணம் உராய்ந்துபோய் இரும்பு பளபளக்கும். வெளி விளிம்பைச் சுற்றி இறப்பர் வளையம். அது கல்லிலும் இரும்பிலும் அடிபட்டுத் துண்டு துண்டாகப் பிய்யும். மொடலில் இதைக் காட்டக் கூரான கத்தியால் விளிம்பில் ஆங்காங்கே சிறிது கிள்ளி எடுத்தால் போதும். இறப்பருக்குக் கன்னங்கரிய வர்ணமும் பூசக் கூடாது. ஓடிய இறப்பர் புழுதி படிந்து சாம்பல் நிறமாகவே இருக்கும்.

ஆனால் 1942இல் ஸ்ராலின்கிராட்டில் நின்ற ரி-34ஐச் செய்கிறீர்கள் என்றால் கதை வேறு. ஜேர்மன் படையெடுப்புக்குப் பின் சோவியத் ஒன்றியத்தில் இறப்பருக்குத் தட்டுப்பாடு. அங்குள்ள டிராக்டர் தொழிற்சாலை உட்படச் சில ஆலைகள் வெளியே இறப்பர் இல்லாத, முழு இரும்பு விளிம்புச் சக்கரங்களைப் பொருத்தின. இறப்பர் உள்ளே அச்சுக்கு அருகே மட்டும் சிறிதளவு இருந்தது. இரும்பு இரும்பில் உருண்டதால் சத்தமும் அதிர்வும் அதிகம். அதனால் இறப்பர் கிடைத்தபோது முதலாவது, ஐந்தாவது சக்கரங்களுக்கு இறப்பர் விளிம்பும் நடுவே உள்ளவற்றுக்கு இரும்பு விளிம்பும் போட்டார்கள். இரும்பு விளிம்பை மொடலில் காட்டப் பென்சில் கரியைத் தூளாக்கி விரலால் தேய்ப்பேன். ஓடும் டாங்கியின் விளிம்பில் துருவுக்கு இடமில்லை. சில நாள் மழையில் சும்மா நின்றால்தான் செம்மஞ்சள் துரு மெல்லியதாகப் படரும்.

ஜேர்மனியருக்கும் இதே தலைவலி. 57 தொன் நிறையுள்ள ரைகர் டாங்கி தன் இறப்பர் விளிம்புகளை விரைவாகத் தின்றது. 1944 தொடக்கத்தில் அதற்கும் இரும்பு விளிம்புச் சக்கரங்கள் வந்தன. பக்கத்துக்கு 24 ஆக இருந்த சக்கரங்கள் 16 ஆகக் குறைந்தன. ஒரு ரைகர் மொடலின் சக்கரத்தைப் பார்த்தே அது எந்தக் காலத்து வண்டி என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்கரின் ஷேர்மன் டாங்கி சக்கரத்தில் இறப்பரை விடவில்லை. ஆனால் அதன் சங்கிலிப் பட்டையிலும் இறப்பர் கட்டைகள் இருந்தன. தட்டுப்பாடு வந்ததும் அவற்றுக்குப் பதிலாக உருக்குக் கட்டைகள் கொண்ட பட்டைகளையும் செய்தார்கள். இந்தத் தட்டுப்பாடு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நமது மக்கள் வருகிறார்கள். 1941 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த இயற்கை இறப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் நின்றுபோனது. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தமிழர். பால் வாங்க ஆளில்லாமல் வேலை போனது. பிறகு அவர்களில் பல்லாயிரக்கணக்கானோர் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

மலாயா போனபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தந்த முக்கிய இடம் இலங்கை. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளோடு தொடங்கிய பயிர் அது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, பாலைக் கறந்துவிடு என்று யுத்த காலத்தில் மரங்களை அளவுக்கு மீறிச் சீவினார்கள். அந்தக் கத்தியைப் பிடித்தவர்கள் தமிழரும் சிங்களவருமான தோட்டத் தொழிலாளர்கள்.

டாங்கியைப் பற்றிய புத்தகங்களில் தளபதிகளின் பெயர் இருக்கும், பீரங்கியின் அளவு இருக்கும். பால் எடுத்தவரின் பெயர் இருக்காது. அதனால்தான் ஒரு சக்கர விளிம்புக்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவழிப்பது எனக்கு வீண் வேலையாகத் தெரிவதில்லை. உங்கள் பிள்ளைகள் மொடல் டாங்கி வாங்கிவந்தால், சக்கரத்தில் இருப்பது இறப்பரா இரும்பா என்று கேளுங்கள். ஏன் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், தோட்டத்தில் இருந்து கதையைத் தொடங்குங்கள்.