விதையும் உரிமையும்

2006 மார்ச்சுத் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் இந்தியா வந்தபோது, தில்லியிலும் ஐதராபாத்திலும் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். ஈராக்குப் போர் ஒரு காரணம். உணவு மற்றொரு காரணம். 2005 ஜூலையில் இரு அரசுகளும் அறிவித்த வேளாண் அறிவுத் திட்டத்தின் குழுவில் மான்சாண்டோ, வால்மார்ட் நிறுவனங்கள் இடம்பெற்றிருந்தன. விதை விற்பவரும் விளைபொருள் விற்பவரும் ஒன்றுகூடின் உழவர் நிலை யாதாகும் என்பதே மக்கள் எழுப்பிய வினா.

நம் வத்தல்மலையில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. நல்ல கதிரைத் தெரிந்தெடுத்து மறுபருவத்திற்கு விதையாகக் காத்தல் முன்னோர் வழக்கம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிடாது விற்கவும் உழவர்க்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது.

நிலமற்ற நம்மவர்க்கு இதனால் என்ன பயன் என வினவலாம். விதைச் செலவு மிகின் கூலி குறையும்; தானிய விலை ஏறின் கூலியாளர் அடுப்பே முதலில் அணையும்.

சட்டம் ஏட்டிலிருந்தால் போதாது. அதைப் படித்து, உரிமை கேட்போர் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் விதைத்துவருவது அவ்வறிவையே. அவ்விதையையும் நாமே காப்போமாக.